ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊறுகாய், வடகம், உரம் எல்லாம் கற்றுத் தர முடியுமா?

திருச்சியில் 140 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கத்தின் சார்பில் பாரம்பரிய உணவுக்கும் பசுமை வாழ்க்கைக்கும் ஒரு நாள் பயிற்சிப் பட்டறை. ஊறுகாய், வடகம், சிறுதானியச் சமையல், சீயக்காய்ப் பொடி, பயோ என்சைம் (பழத்தோலை ஊறவைத்துச் செய்யும் துப்புரவுத் திரவம்), வீட்டு உரம், மாடித்தோட்டம் என ஏழு தலைப்புகள், காலை 9 முதல் மாலை 5 வரை. பட்டியல் சரியா, யாரைக் கூப்பிடுவது, கட்டணம் எவ்வளவு வைப்பது, கற்றுக்கொண்டவர்கள் செய்து விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் சரியில்லை. ஏழையும் ஒரே நாளில் வைத்தால் எல்லாரும் கைப்பேசியில் படம் எடுப்பார்கள், கம்பங்கூழ் குடிப்பார்கள், ஒரு துணிப்பையோடு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மாதம் விசாரித்தால் ஒரு வீட்டிலும் ஒன்றும் நடந்திருக்காது. வந்தவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. இந்த வேலைகளில் எதுவுமே ஒரு நாளில் முடிவதில்லை, அதுதான் சிக்கல். வடுமாங்காய் ஊற இரண்டு வாரம் வேண்டும். கூழ் வடகத்துக்கு மூன்று நாள் வெயில், தாளிப்பு வடகத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல். சமையலறைக் கழிவு உரமாக ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம். பட்டறையில் தெரிவது முதல் ஒரு மணி நேர வேலை மட்டும். சந்தேகமும் பயமும் வருவது மூன்றாம் நாளில். வடுவின் மேல் வெள்ளையாக ஏதோ மிதக்கும், உரப் பக்கெட்டில் புழு நெளியும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் எல்லாம் குப்பைக்குத்தான் போகும்.

அதனால் ஒரு பருவத்துக்கு ஒரே பொருள் என்று வையுங்கள். அதற்கு இரண்டு அமர்வு. முதல் அமர்வில் செய்யட்டும். அது முடியும் காலத்தைக் கணக்குப் பண்ணி இரண்டாவது அமர்வு, அவரவர் வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து திறந்து காட்டுவதற்கு. என்னைக் கேட்டால் இரண்டாவது அமர்வுதான் உண்மையான வகுப்பு. ஒரே நாளில், ஒரே செய்முறையில் போட்ட பதினைந்து ஜாடிகளை வரிசையாக வைத்தால் பதினைந்தும் வேறு வேறாக இருக்கும். ஒன்று கொழகொழவென்று, ஒன்று சரியான சுருக்கத்தோடு, ஒன்று உப்புக் கரித்து. ஏன் இப்படி ஆனது என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது மற்றவர்கள் கற்றுக்கொள்வதை எந்தச் செய்முறைக் காகிதமும் தராது.

எந்தப் பொருள் என்பதை மாதம் முடிவு செய்யட்டும். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்: கொட்டையும் நாரும் எடுத்து, வெயில் காட்டி, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைப்பது. பங்குனியில் வடுமாங்காய். சித்திரை, வைகாசியில் வடகம், வற்றல், மோர் மிளகாய், மிளகாய்த்தூள், துவரைக்குச் செம்மண் கட்டுவது என வெயில் கேட்கும் வேலை எல்லாம். உங்கள் ஊர்க் கத்திரி வெயிலைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் வடகத்துக்கு அதைவிட நல்ல அடுப்பும் கிடையாது. ஆடியில் விதைப்பு, மாடித்தோட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே ஒன்றும் காயாது. அது சிறுதானியம், மாவு புளிக்கவைத்தல், உரம், துணிப்பை தைத்தல் போன்ற உள்ளே செய்யும் வேலைகளுக்கான காலம். கார்த்திகையில் தொடங்கி மாசி வரை நெல்லிக்காய். நவம்பரில் வடகப் பட்டறை அறிவித்து, அன்று மழை பெய்து, எல்லாவற்றையும் மின்விசிறிக்கடியில் பரப்பி, புளித்த வாடையோடு மூட்டை கட்டியவர்கள் நிறையப் பேர்.

முதல் பட்டறைக்கு நான் வடுமாங்காயைத்தான் சொல்வேன். அடுப்பு வேண்டாம், தீ விபத்துப் பயம் இல்லை, குழந்தைகளும் கை வைக்கலாம், தோற்பதும் குறைவு. வடுவைக் கழுவித் துணியில் பரப்பித் துடைத்து உலர்த்த வேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது. காம்பு கொஞ்சம் இருக்கட்டும். அடிபட்டதையும் கீறல் விழுந்ததையும் தயவு பார்க்காமல் ஒதுக்குங்கள், ஒன்று அழுகினால் ஜாடியையே கெடுக்கும். விளக்கெண்ணெய் சில துளிகள் விட்டுப் புரட்டினால் தோல் சீராகச் சுருங்கும். அப்புறம் கல்லுப்பு, மஞ்சள்தூள், பொடித்த கடுகு, மிளகாய். உப்பு அளவு வீட்டுக்கு வீடு மாறும்; 1 கிலோ வடுவுக்கு 100 கிராம் என்பவர்களும் உண்டு, 250 என்பவர்களும் உண்டு. முதன்முறை செய்கிறவர்களை 150க்குக் கீழே இறங்க விடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் வடு தானே நீர் விடும். தினமும் ஒருமுறை குலுக்கவோ உலர்ந்த கரண்டியால் கிளறவோ வேண்டும். மேலே இருப்பதெல்லாம் ஒருமுறையாவது உப்புநீரில் மூழ்க வேண்டும் என்பதுதான் குலுக்குவதன் நோக்கம். இதைச் சொல்லாமல் 'தினமும் குலுக்குங்கள்' என்று மட்டும் சொன்னால் நாலாம் நாள் யாரும் குலுக்க மாட்டார்கள்.

இந்த 'ஏன்' பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப்போகிறது. செய்முறை யூடியூபிலேயே கிடைக்கிறது, அதற்கு ஞாயிற்றுக்கிழமையைச் செலவு செய்ய வேண்டியதில்லை. வீட்டு உணவு கெடாமல் இருப்பதற்கு உப்பு, புளிப்பு, உலர்வு என்று மூன்றே காரணம்தான் பெரும்பாலும். கூட எண்ணெய் வந்து காற்றை மறைக்கும், ஆனால் எண்ணெய் தனியாகக் காப்பாற்றாது. இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஆபத்தான இடம் இதுதான். மாங்காய், எலுமிச்சை, நெல்லி எல்லாம் தாமே புளிப்பு. பூண்டு, இஞ்சி, காளான், கேரட் அப்படியில்லை. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து, புளிப்பு எதுவும் சேர்க்காமல், அலமாரியில் வாரக்கணக்கில் வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர் நஞ்சு உண்டாக்கலாம். வாடையோ நிறமாற்றமோ காட்டிக்கொடுக்காது. புளிப்பு போதிய அளவு இருந்தால், அதாவது புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால், அது வளராது. நம் ஊர்ப் பூண்டு ஊறுகாயில் புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகப் போவது ருசிக்கு மட்டுமில்லை என்று இதிலிருந்து புரியும். 'உடம்புக்கு நல்லது' என்று உப்பையும் புளியையும் பாதியாகக் குறைத்து, அதே ஊறுகாயை வெளியே வைத்து ஒரு வருடம் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் ஒவ்வொரு பட்டறைக்கும் வருவார்கள். குறைத்துப் போடட்டும், ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில வாரத்தில் முடிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் ஊறுகாயின் உப்பைக் குறைப்பதைவிட ஊறுகாயைக் குறைவாகத் தொட்டுக்கொள்வது பத்திரம்.

வடகத்திலும் இதே கதைதான், இங்கே காப்பாற்றுவது உலர்வு. கூழ் வடகத்துக்குப் பச்சரிசி மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டிக் கிளறி, பச்சைமிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம், இறக்கியபின் எலுமிச்சைச் சாறு. கூழை நாக்கில் வைத்துப் பார்த்து உப்பு சரியாக இருக்கிறது என்று தோன்றினால், உப்பு அதிகம் என்று அர்த்தம். தண்ணீர் போனபின் அதே உப்பு சின்ன வடகத்துக்குள் இறுகி நிற்கும். கூழில் உப்பு கொஞ்சம் கம்மியாகத் தெரிய வேண்டும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து அதில் இடுவது பழைய வழி. மறுநாள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் உரிந்து வரும், பிறகு தட்டில் போட்டு இன்னும் இரண்டு வெயில். பிளாஸ்டிக் தாளில் இட்டால் சுலபமாக உரியும் என்பது உண்மைதான். ஆனால் பசுமை வாழ்க்கை என்று பதாகை கட்டிவிட்டு மொட்டைமாடி முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பது நன்றாக இருக்காது, கொதிக்கும் கூழை அதில் ஊற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காய்ந்துவிட்டதா என்பதற்குச் சோதனை: ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில். வளைவதை டப்பாவில் அடைத்தால் ஆடி மாதமே பூசணம்.

சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய் மூன்றுக்கும் வழி ஏறக்குறைய ஒன்றே. உப்புப் போட்ட மோரில் இரவு ஊறும், பகலில் மோரை விட்டு எடுத்துக் காயும், சாயங்காலம் மறுபடி மோருக்குள் போகும். மோர் வற்றும்வரை இதே சுற்று. இதற்கு விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் 'எங்களுக்கு நேரம் ஏது' என்று தயங்கும்போது இதைச் சொல்லுங்கள். உங்கள் மாதிரி குடியிருப்பில் பொது மொட்டைமாடி இருப்பதால் பத்து வீட்டு வற்றலுக்கு இரண்டு பேர் முறை வைத்துக் காவல் பார்க்கலாம். காக்காய்க்குக் கறுப்புத் துணி கட்டுவதும் குடை விரிப்பதும் பழைய உபாயம். விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் அதைவிட நன்றாக வேலை செய்வார்கள், பாதிக் கூழ் வடகம் அரைகுறையாகக் காயும்போதே வயிற்றுக்குள் போகும் என்பதை ஏற்றுக்கொண்டால்.

யாரைக் கூப்பிடுவது? வெளியூரிலிருந்து பெயர் பெற்ற ஆளைத் தேடுவதற்கு முன் உங்கள் 140 வீடுகளிலும் விசாரியுங்கள். வடகம் இட்ட கை அங்கேயே நாலைந்தாவது இருக்கும், பிள்ளை வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் பாட்டிமார்களில் நிச்சயமாக. அவர்களோடு ஒரு தொந்தரவு உண்டு: அளவு சொல்ல வராது. 'உப்பு ஒரு கை, தண்ணி கண்ணளவு' என்பார்கள். அவர்களைக் கிராமில் பேசச் சொல்லி வதைக்க வேண்டாம். முன்னாடியே ஒருநாள் அவர்கள் வீட்டில் செய்யச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் சமையலறைத் தராசோடு உட்கார்ந்து, அவர் கையில் எடுப்பதையெல்லாம் பாத்திரத்தில் போகுமுன் நிறுத்துக் குறித்துக்கொண்டால் போதும். அன்று எழுதிய தாள்தான் உங்கள் பாடப்புத்தகம். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அதைப் படமாகப் போடலாம்.

அவர்களுக்குப் பணம் கொடுங்கள். பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம், வேலைக்கான சம்பளம் கொடுங்கள். மேடையில் 'இயற்கை வாழ்வியல்' பற்றி அரைமணி நேரம் பேசுகிறவருக்கு உறையில் பணமும், நாலு மணி நேரம் நின்று கிளறிய அம்மாவுக்குக் கைதட்டலும் கிடைப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

அறிவியல் பக்கம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நீங்கள் இருக்கும் ஊர் கொடுத்துவைத்த ஊர். சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்த நிலையங்களின் வேலையே உழவர்களுக்கும் ஊரகப் பெண்களுக்கும் பயிற்சி கொடுப்பது. நாட்டின் முதல் நிலையம் 1974ல் புதுச்சேரியில் தொடங்கியது. தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். வாழைத்தண்டு ஊறுகாய், வாழைப்பூத் தொக்கு, வாழைக்காய் மாவு என்று மதிப்புக்கூட்டுப் பொருள்களுக்கு அங்கே பயிற்சி உண்டு. தஞ்சாவூர் போனால் நிஃப்டெம், உணவுப் பதப்படுத்தலுக்கென்றே உள்ள மத்திய அரசு நிறுவனம். பாட்டி செய்வதைப் பார்த்து அது ஏன் கெடாமல் இருக்கிறது என்று பக்கத்திலிருந்து விளக்க இவர்களில் ஒருவர் வந்தால் போதும். இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவையுங்கள், தனித்தனி அமர்வு வேண்டாம்.

அந்தப் பாட்டிமார்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். 'பாரம்பரிய உணவு' என்று நடக்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் ஒரே விதமான அடுப்படிதான் வருகிறது. எல்லாம் சைவம், பாதி இனிப்பு. கருவாடும் உப்புக்கண்டமும் வடகம் போலவே உப்பும் வெயிலும் சேர்ந்து செய்த உணவுதான், அதே அறிவுதான். தாளிப்பு வடகத்தின் முழு மதிப்பு கருவாட்டுக் குழம்பில் தெரியும் என்று சொல்கிறவர்கள் உங்கள் குடியிருப்பிலேயே இருப்பார்கள். பொது மாடியில் கருவாடு காயவைக்கச் சங்கம் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் பேச்சில் அதற்கு இடம் கொடுங்கள், அதைச் செய்யத் தெரிந்தவரையும் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்காரவையுங்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் பெண்களாக இருந்தால், 'கடையில் வாங்காதே, வீட்டில் செய்' என்று சொல்வதன் பொருள் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறவர் தலையில் மூன்றாவதை ஏற்றுவதுதான். வீட்டுக்கு இரண்டு பேராகப் பதிவு செய்தால்தான் இடம், அதில் ஒருவர் ஆணாக இருக்க வேண்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் வருவார்கள். தராசு, தூக்கிக் காயவைப்பது, உரப் பக்கெட் கிளறுவது எல்லாம் ஆண்களுக்கு நன்றாகவே வரும்.

சிறுதானியத்தைப் பற்றிக் கொஞ்சம். 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் பட்டறைகளில் இதுதான் முதல் தலைப்பு. எனக்கு அதில் பாதி உடன்பாடு. கேழ்வரகு, கம்பு, சோளத்தை அப்படியே அரைக்கலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கு மேலே உமி உண்டு, அதை நீக்கியாக வேண்டும். வரகில் அது அடுக்கடுக்காக இருக்கும், உரலில் குத்தி எடுப்பது இடுப்பு ஒடியும் வேலை. கொல்லிமலை போன்ற இடங்களில் விளைவித்தவர்களே சாமையை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு அரிசி வாங்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த வேலைகளில் ஊர்களிலேயே உமி நீக்கும் இயந்திரம் வைத்ததும் ஒன்று. நகரத்துப் பட்டறையில் 'சாமைப் பொங்கல், தினை லட்டு, வரகு பிரியாணி' என்று செய்து காட்டுவதைவிட, கடையில் எதை வாங்குவது என்று காட்டுவது உபயோகம். வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையையும், தவிடு கொஞ்சம் ஒட்டிய மங்கலான சாமையையும் இரண்டு தட்டில் வையுங்கள். தீட்டியதில் நார்ச்சத்து போய்விட்டது, அரிசியிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. தீட்டாதது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் கொஞ்சமாக வாங்க வேண்டும். கம்பு மாவு இன்னும் மோசம், அரைத்த ஒன்றிரண்டு வாரத்தில் கசக்கத் தொடங்கும். அதில் கொழுப்பு அதிகம், அதைச் சிதைக்கும் நொதியும் அதிலேயே இருக்கிறது. முழுக் கம்பாக வைத்துக்கொண்டு வேண்டியபோது அரைப்பதுதான் வழி. 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று யாராவது மைக்கில் ஆரம்பித்தால் பணிவாக நிறுத்திவிடுங்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது வரைக்கும் சரி, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதற்காகச் சல்லடையில் சலித்த மாவில் காய்ச்சிய கஞ்சி, சர்க்கரை உள்ளவருக்கு மருந்தாகிவிடாது.

மழைக்காலத்துக்கு இட்லி மாவு நல்ல பாடம், தினமும் செய்வதாலேயே யாரும் யோசிக்காத ஒன்று. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மாவைப் பொங்கவைப்பதில் முக்கியமானது லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா, அது பெரும்பாலும் உளுந்தோடேயே வருகிறது. கையால் கலந்தால்தான் புளிக்கும் என்பதை நம்புகிறவர்களோடு சண்டை போட வேண்டாம். இரண்டு பாத்திரத்தில் ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கலந்து மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள். கார்த்திகைக் குளிரில் மாவு பொங்காததற்குக் கையைவிடக் குளிர்தான் காரணம் என்பது அப்போது புரியும்.

மிச்சம் இருப்பது உணவு அல்லாத தலைப்புகள். அவற்றில் உரம் ஒன்றைத்தான் நான் கட்டாயம் என்பேன், மற்றவை இருந்தால் சரி. ஓட்டை போட்ட 20 லிட்டர் பக்கெட் இரண்டு, காய்ந்த இலை அல்லது தென்னைநார்க் கழிவு, கொஞ்சம் பழைய உரமோ புளித்த மோரோ, இவ்வளவுதான் முதலீடு. ஒரு கை ஈரக் கழிவுக்கு ஒன்றிரண்டு கை காய்ந்தது. நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் அல்லது காற்று போதவில்லை. காய்ந்ததைச் சேர்த்துக் கிளற வேண்டும். ஒன்றுமே நடக்காமல் அப்படியே இருந்தால் காய்ந்தது அதிகம், நீர் தெளிக்க வேண்டும். கொழுத்த புழுக்கள் வந்தால் பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு, அது கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடிக்கும், கடிக்காது, செடியைக் கெடுக்காது. ஆனாலும் புழுவைப் பார்த்த மாத்திரத்தில் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். முதல் நாளே ஒரு நடப்புப் பக்கெட்டைக் கொண்டுவந்து புழுவோடு திறந்து காட்டிவிட்டால் அந்த விலகல் பாதியாகக் குறையும்.

பயோ என்சைமைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. வெல்லம் 1, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் 3, தண்ணீர் 10 என்ற கணக்கில் மூன்று மாதம் ஊறும் அந்தத் திரவம் தரை துடைக்கப் பரவாயில்லை, லேசான புளிப்பு நீர் செய்யும் வேலையைச் செய்யும். கிருமிநாசினி என்று நம்பிக் கழிவறைக்கும் நோயாளி அறைக்கும் பயன்படுத்தக்கூடாது. கண்ணாடிப் புட்டியில் இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும், பிளாஸ்டிக் புட்டியில் ஊறவைத்து முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து விட வேண்டும். பாத்திரத்துக்கும் துணிக்கும் பூந்திக்கொட்டை இதைவிட நேரடி: கொட்டை நீக்கி, ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடித்தால் நுரைக்கும், கண்ணில் மட்டும் படக்கூடாது. பழைய புடவையில் பை தைப்பது அரைமணி நேர வேலை. 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும் கடைக்காரர் கொடுக்கிறார், நாம் வாங்குகிறோம். பை இல்லாத வீடு என்று எதுவும் கிடையாது, கிளம்பும்போது எடுக்க மறக்கிறோம். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஆணி அடித்துப் பையை மாட்டுங்கள் என்று சொல்வதற்குப் பட்டறை தேவையில்லை.

இன்னொன்று, பாரம்பரியம் எல்லாமே பசுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாகாளிக்கிழங்கு ஊறுகாயை நினைத்தாலே சிலருக்கு வாய் ஊறும். அந்தக் கொடி தென்னிந்தியக் காடுகளில் மட்டும் வளர்வது, கிழங்குக்காக வேரோடு தோண்டுவதால் செடியே போய்விடுகிறது. காட்டில் அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அதைப் பட்டறையில் வைக்காதீர்கள். நன்னாரி வேர் வாங்கும்போதும் தோட்டத்தில் வளர்த்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கட்டணம்: இலவசமாக வைத்தால் பதிவு செய்தவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். பொருள் செலவு, சொல்லிக்கொடுப்பவர் சம்பளம் இரண்டையும் கூட்டி ஆளுக்கு வகுத்து வாங்குங்கள். வீட்டு வேலை செய்கிறவர்களும் காவலாளி குடும்பமும் வர விரும்பினால் அவர்களுக்குக் கட்டணம் வேண்டாம். சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கே அவர்களில் சிலர் வரத் தகுந்தவர்கள். ஒரு அமர்வுக்கு 15 பேர், மிஞ்சினால் 20. அதற்கு மேல் போனால் பின்வரிசைக்காரர் கை வைக்காமல் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். நேரம் மூன்று மணி போதும். ஆளுக்கொரு அரைக்கிலோ ஜாடி அவரவர் கொண்டுவரட்டும், அன்று போட்டதை அதிலேயே எடுத்துப் போகட்டும்.

விற்பனை பற்றிக் கேட்டீர்கள். செய்யலாம், ஆனால் ஒரு பட்டறை முடிந்ததும் வேண்டாம். ஒரே பொருளை மூன்று பருவம் வீட்டுக்குச் செய்து, ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யட்டும். விற்பது என்றால் வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களைச் சிறு உணவு வணிகர் என்று வைத்து உரிமத்துக்குப் பதில் எளிய பதிவு போதும் என்றன. விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் வரம்பையும் கட்டணத்தையும் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் போட வேண்டும். அதோடு பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், முகவரி, சைவம் என்றால் பச்சைப் புள்ளி. 'மூட்டுவலி தீரும்', 'சர்க்கரை இறங்கும்' என்று எதுவும் அச்சடிக்கக்கூடாது. 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் நீரிழிவு உள்ளிட்ட நோய்களுக்கு இப்படி விளம்பரம் செய்வதையே தடுக்கிறது.

நாலைந்து பேர் சேர்ந்து செய்ய நினைத்தால் லிஜ்ஜத் அப்பளத்தின் அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் இட்ட அப்பளத்தில் தொடங்கியது அது. மாவை ஒரே இடத்தில் ஒரே அளவில் பிசைந்து கொடுப்பார்கள், பெண்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தேய்த்துக் காயவைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள், வாங்கும் இடத்தில் சோதித்து எடை போட்டுக் கூலி கொடுப்பார்கள். ருசி மாறாமல் இருப்பதும் யாரும் வீட்டை விட்டு அலையாமல் இருப்பதும் அதில் ஒன்றாக நடக்கிறது. உங்கள் மாடியிலும் வடகக் கூழை ஒருவர் கிளறி, பத்துப் பேர் இடுவது என்று வைத்தால் போதும். இந்த வருடம் பங்குனிக்கு வடு, சித்திரை இரண்டாம் வாரத்தில் கூழ் வடகம், ஐப்பசியில் உரம் என்று மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். மீதி நாலு தலைப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.